சூப்புக்கு ஒரு வயது குறைச்சல்

அறுபத்தைந்து வயது ஆகவில்லை என்பதற்காக ஒரு மனிதன் அவமானப்பட முடியும் என்று வெஸ்ட் வின்ட்சருக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. அவமானப்பட்ட இடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உள்ளே, ரொட்டி அலமாரிக்கும் பூ விற்கும் மூலைக்கும் நடுவில் இருந்த சின்ன கஃபே.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் நானும் மனைவியும் வந்திருந்தோம். டிசம்பர்வரை எப்படியோ ஓட்டிவிட்டோம். ஜனவரியில் பனி கொட்டியதும் என் காலை நடை நின்றது. மாப்பிள்ளை விடிவதற்குள் ரயில் பிடித்து நியூயார்க் போய்விடுவார். பேத்திக்குப் பள்ளிக்கூடம். மகள் மட்டும் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். நான் கீழே தமிழ்ச் செய்தி சேனலைப் போட்டால் போதும், மாடியிலிருந்து குரல் வரும்.

"அப்பா, ப்ளீஸ்! வால்யூமைக் கம்மி பண்ணுங்க. நான் மீட்டிங்ல இருக்கேன்."

வால்யூமைக் குறைப்பேன். ஆனால் டிவியில் ஒருவன் அபத்தமாகப் பேசும்போது பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பிறவிக் குணம். ஒருநாள் மகளுடைய மீட்டிங்கில் யாரோ ஒருவர், உங்கள் வீட்டில் ஏதாவது சண்டையா, போலீஸைக் கூப்பிடவா என்று அக்கறையோடு கேட்டுவிட்டாராம். சண்டை இல்லை. மாநில பட்ஜெட்டைப் பற்றி ஒரு கட்சிப் பேச்சாளருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்த ஒரு நோட்டீஸோடு வந்தாள். அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குளிர்கால மதிய உணவு. மார்ச் முடியும்வரை, வாரநாட்களில் பதினோரு மணியிலிருந்து ஒன்றரைவரை. ஒரு கிண்ணம் சூப், பாதி சான்ட்விச், குடிக்கக் குடிக்கக் காபி, எல்லாம் சேர்த்து மூன்று டாலர்.

"நம்ம ஆளுங்க நிறைய பேர் வராங்களாம்பா. அம்மாவுக்கும் பொழுது போகும்ல? நான் டிராப் பண்ணிட்டு பிக்கப் பண்ணிக்கறேன்" என்றாள்.

அம்மாவின் பொழுதைப் பற்றி அவள் அதுவரை ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. யாரை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் மறுநாள் பத்தரை மணிக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டேன். ஆள் முகம் பார்த்துப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

போய்ப் பார்த்தால் அது கஃபே இல்லை, ஒரு குட்டி சங்கம். ஜன்னலோரம் நீள மேஜை. வெயில் கண்ணாடி வழியாக நேராக முதுகில் விழும் இடம். அங்கே எட்டுப் பத்துத் தமிழ் முகங்கள். மேஜையின் தலைப்பக்கம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர், கிண்ணத்தில் பருப்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் கைப்பையிலிருந்தும் ஏதோ ஒரு டப்பா வெளியே வந்திருந்தது. தக்காளி சூப் என்று அங்கே கொடுப்பது தாளிக்க மறந்த ரசம்தான். அதை மனிதர் குடிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கு அந்த மேஜையில் ஒரு மருந்துக்கடையே இருந்தது. எனக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இங்கே உட்கார்ந்து மார்ச் முடியும்வரை உலக விவகாரம் பேசலாம், யாரும் மாடியிலிருந்து கத்த மாட்டார்கள்.

கவுண்டரில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். சங்கிலியில் தொங்கும் சிவப்புக் கண்ணாடி, எல்லோரையும் "ஹனி" என்று கூப்பிடும் பழக்கம். முதல்முறை வருகிறவர்கள் ஐடி காட்டினால் ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பாள். அப்புறம் அட்டையைக் காட்டினால் போதும். எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். மனைவியுடையதைப் பார்த்தாள், சிரித்தாள், அட்டை கொடுத்தாள். என்னுடையதைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஸாரி ஹனி, உனக்கு அறுபத்து நாலுதான் ஆகிறது. ஜூன் மாதம் வா" என்றாள். ஜூன் மாதம் இந்தச் சூப்பும் இருக்காது, நானும் ஈரோட்டில் மாம்பழம் தின்றுகொண்டிருப்பேன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஓ! உன்னைவிடப் பெரிய பெண்ணைக் கட்டியிருக்கிறாயா? குட் ஃபார் யூ!"

ஜன்னலோர மேஜையில் பத்து ஸ்பூன்களும் நின்றன.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. உண்மையில் எனக்கு அறுபத்தாறு, என் மனைவிக்கு அறுபத்து மூன்று. இதில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சந்தேகமே கிடையாது. காகிதத்தில்தான் எனக்கு அறுபத்து நாலு, அவளுக்கு அறுபத்தைந்து. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் தொலைநோக்கோடு சிந்தித்திருக்கிறார். "பையன் நாளைக்கு கவர்மென்ட் வேலைக்குப் போனா ரெண்டு வருஷம் கூட சம்பளம் வாங்குவான்" என்று என் அப்பாவிடம் சொல்லி, இரண்டு வயதைக் குறைத்து, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்த்த அதே ஜூன் தேதியை எனக்கும் போட்டுவிட்டார். அவர் வாக்கு பலித்தது. அரசாங்க வேலைக்குப் போனேன், இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளமும் வாங்கினேன். அந்த நாட்களில் அவரை வாயார வாழ்த்தியிருக்கிறேன்.

என் மனைவியின் கதை நேர்மாறு. அவளுடைய அக்காவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது இவளும் போவேன் என்று புரண்டு அழுதிருக்கிறாள். தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டால் ஐந்து வயது. இவளுக்குப் பிறந்தது முதலே கை நீளம். மூன்று வயதிலேயே தொட்டுவிட்டாள். இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டு அன்றே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்படி என் வயது இறங்க, அவள் வயது ஏற, காகிதத்தில் என் மனைவி எனக்கு ஒரு வயது மூத்தவள் ஆகிவிட்டாள். ஊரில் இதை யாரும் சட்டை செய்ததில்லை. சர்டிஃபிகேட் வயசு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதை இந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் விளக்கிப் பார்த்தேன். "அப்படியானால் உன் பாஸ்போர்ட் பொய்யா?" என்று கேட்டாள். விசாவில் வந்தவன் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. பாஸ்போர்ட் சத்தியம், நான்தான் பொய் என்று சொல்லிவிட்டு, முழு விலைக்கு ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேஜைக்கு வந்தால் என் மனைவி அதற்குள் எல்லோரிடமும் விசாரணைக் கமிஷனில் சாட்சி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சர்டிஃபிகேட்லதாங்க அப்படி. நெஜத்துல நான் அவரை விட மூணு வயசு சின்னவ. சத்தியமா."

"அதுக்கென்னங்க, இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜமுங்க" என்றார் பேங்க் மேனேஜர், மிகப் பெருந்தன்மையாக. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அப்படியே அந்த நாப்கின் நாலு எடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

தம்பி! அவருக்கு வயது அறுபத்தைந்து. பேங்க்காரர் அல்லவா, ஜாதகமும் சர்டிஃபிகேட்டும் ஒரே தேதியில் டேலி ஆகும் ஆசாமி. என்னைவிட முழுசாக ஒரு வயது சின்னவர். ஆனால் மஞ்சள் அட்டை அவரிடம் இருந்தது. நம்மவர்கள் நாலு பேர் ஓர் இடத்தில் கூடினால் யார் சின்னவனோ அவன்தான் எழுந்து போய் எடுத்து வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த மேஜையில் அட்டை இல்லாத ஒரே ஜீவன் நான். அதனால் நாப்கினுக்கு நான், மிளகுக்கு நான், காபி ரீஃபில்லுக்கு நான். "சின்னவர்தானே, போயிட்டு வரட்டும்" என்று ஒரு மாமி சொன்னபோது என் ரத்தம் கொதித்தது. அந்த மாமிக்கே என் வயதுதான் இருக்கும்.

பேசவும் விடவில்லை. பட்ஜெட்டைப் பற்றி நான் வாயெடுத்தால், "உங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுங்க தம்பி, சின்ன வயசு" என்று பேங்க் மேனேஜர் அடக்கிவிடுவார். நான் எதற்காக அந்த மேஜைக்கு ஆசைப்பட்டேனோ, அது கண்ணெதிரே மற்றவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மூன்று டாலர் பெரிதில்லை. எனக்கு அந்த மஞ்சள் அட்டை வேண்டும். நானும் பெரியவன் என்று அந்த மேஜை ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி பகல் அதே நினைப்பாகிவிட்டது. பேத்தியிடம் சொல்லிப் புலம்பினேன்.

"தாத்தா, ஜஸ்ட் பே ஃபுல் பிரைஸ்" என்றாள் அவள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

முதல் முயற்சியாக ஈரோட்டில் இருக்கும் என் தங்கைக்கு போன் போட்டு என் ஜாதகத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். விகாரி வருஷம், ஆவணி மாதம் என்று தெளிவாக மஞ்சள் தடவிய காகிதத்தில் இருக்கிறது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கவுண்டரில் போனை நீட்டினேன். அந்த அம்மாள் பன்னிரண்டு கட்டங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

பிங்கோ அட்டையா என்று கேட்டாள். அவளுடைய சர்ச்சிலும் வியாழக்கிழமைதோறும் விளையாடுவார்களாம்.

நான் பொறுமையாகச் சந்திரன் எங்கே, சனி எங்கே என்று காட்டினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவள், ஐடி என்றால் போட்டோ இருக்க வேண்டும், எக்ஸ்பைரி தேதி இருக்க வேண்டும், இதில் இரண்டும் இல்லையே ஹனி என்றாள். ஜாதகத்தில் எக்ஸ்பைரி தேதி பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நல்ல ஜோசியர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

இரண்டாவது முயற்சிக்கு வருவதற்கு முன்னால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைக்குச் சாயம் அடிப்பவன். மகள் கல்யாணத்தில் ஆரம்பித்த பழக்கம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய டூத் பிரஷ்ஷும் கிண்ணமுமாகக் கண்ணாடி முன்னால் நின்றுவிடுவேன். மீசைக்கும் உண்டு. என் மனைவி அந்த வேலையே செய்ததில்லை. ஆனால் அவளுக்கு நரையும் அதிகம் கிடையாது, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டால் சுத்தமாகத் தெரியாது. ஆக, கன்னங்கரேல் என்ற மீசையோடு போய் நின்றுகொண்டு எனக்கு வயதாகிவிட்டது என்று சண்டை போட்டால் யார் நம்புவார்கள்? தப்பு என் பக்கம்தான் என்று எனக்கே தோன்றியது. சாயத்தை நிறுத்தினேன்.

மூன்று வாரத்தில் தலை இரண்டு நிறமாகியது. நாலாவது வாரம் மாப்பிள்ளையிடம் சொல்லி முடிவெட்டும் கடைக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன். கறுப்பெல்லாம் கடைத் தரையில் போய்விட்டது. ஷேவிங்கையும் நாலு நாளைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். கழுத்தில் மஃப்ளர். நடையில் கொஞ்சம் தளர்ச்சி சேர்த்துப் பார்த்தேன். அது வரவில்லை, நொண்டுவதுபோல் ஆகிவிட்டது, விட்டுவிட்டேன்.

"என்னப்பா ஆச்சு, உடம்பு சரியில்லையா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் புக் பண்ணட்டுமா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லடி, ஒரு கிண்ணம் சூப்புக்குத் தவம் இருக்கார்" என்றாள் என் மனைவி.

ஆனால் சிவப்புக் கண்ணாடி அம்மாள் கெட்டிக்காரி. அந்தக் கோலத்தைப் பார்த்து ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. "ஜூன், ஹனி" என்றாள். மேஜையில் பேங்க் மேனேஜர், "என்ன தம்பி, பழனிக்கு வேண்டுதலுங்களா?" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று நினைத்து நாப்கின் எடுக்கப் போனேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. போனால் கவுண்டரில் அந்த அம்மாள் இல்லை. ஒரு வாரம் ஃப்ளோரிடாவுக்கு வெயில் காயப் போயிருக்கிறாளாம். அவளுக்குப் பதிலாக ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், இறைச்சிப் பகுதியிலிருந்து மாற்றி விட்டிருந்தார்கள். என் மனைவி முன்னாலேயே தட்டு வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள். என் முறை வந்தது. வழக்கம்போலக் காபி கேட்பதற்காக வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அட்டை கேட்கவில்லை, ஐடி கேட்கவில்லை. மெஷினில் எதையோ தட்டினார். கிண்ணத்தில் சூப் ஊற்றினார், பாதி சான்ட்விச்சை வைத்தார், "மூன்று டாலர், சார்" என்றார்.

இரண்டு மாதப் போராட்டம் பலித்துவிட்டது. தட்டைப் பிடித்தேன். என் கையில் அது லேசாக ஆடியது, சந்தோஷத்தில்தான். அவர் அதைப் பார்த்துவிட்டார். "இருங்க, இருங்க, நான் எடுத்து வருகிறேன்" என்று கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் என் முழங்கை. தரை ஈரமாக இருக்கிறது, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் என்னை ஜன்னலோர மேஜைக்கு நடத்திக்கொண்டு போனார். கை வைத்த இடத்தில் ஒரு அழுத்தம். விழுந்துவிடுவேன் என்று உண்மையிலேயே நம்பும் ஒருவனின் அழுத்தம்.

மேஜைக்கு வந்ததும், காலியாக இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த என் மனைவியைக் கேட்டார்.

"உங்க அப்பாவா, மேடம்?"

பேங்க் மேனேஜர் சூப்புக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கிண்டலுக்கு அவருக்கு இதைவிட வேறு வாய்ப்பு கிடைக்காது. ஆனாலும் தேடிக்கொண்டே இருந்தார். அந்த விநாடி எனக்கு எப்படி இருந்தது என்றால், பயமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. வயதானவனுக்குள்ள மரியாதை வேண்டும், வயதானவனுக்குள்ள சூப் வேண்டும் என்று இரண்டு மாதம் அலைந்தேன். வயதானவனாகவே ஆகிவிடுவேன் என்பது என் திட்டத்தில் இல்லை.

என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த மேஜைக்குப் புதிதாக யார் வந்தாலும், "நான்தாங்க மூணு வயசு சின்னவ" என்று முதல் வாக்கியமாகச் சொல்லும் பெண், என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். தன் இங்கிலீஷில், நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நோ, நோ. ஹஸ்பண்ட். ஹீ இஸ் யங்கர் தேன் மீ."

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. ஸாரி, ஸாரி என்று பத்து முறை சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆனால் அறுபத்தைந்து ஆகிவிட்டது, இல்லையா?" என்று தயங்கிக் கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தட்டு என்னுடையது. உண்மையும் அதுதான், விகாரி வருஷம், ஆவணி மாதம். நான் கோட்டின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"சிக்ஸ்டி ஃபோர்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. "ஒன்லி சிக்ஸ்டி ஃபோர்!"

அவர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடவே போய், முழங்கையை அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, முழு விலை கொடுத்து அதே சூப்பை வாங்கி, நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. உட்கார்ந்தேன். மற்றவர்கள் அவசர அவசரமாக விமான டிக்கெட் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

என் மனைவி தன் டப்பாவைத் திறந்து என் கிண்ணத்தில் மிளகுப் பொடி போட்டாள்.

"அவன் கேட்டதும் உங்க மூஞ்சி அப்படியே விழுந்துருச்சு. பாக்க முடியலை" என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை நானே டை அடிச்சு விடறேன்."

சூப்பைக் கலக்கினேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ சண்டையில் அவள் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்ததில்லை; இன்றைக்கு ஒரே வாக்கியத்தில் நாலு வயதை விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தேடினேன். அதற்குள் அவள் டப்பாவை மூடிவிட்டு, தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றாள். "ஆனா ஒண்ணு. ஊருக்குப் போனப்புறம் நான்தான் சின்னவ."